வாசகர் கேள்வி: நெல்லும் நாட்டு வருமானமும்

கேள்வி: நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு 18 சதவீதம்தான், அது குறையக் குறையத்தான் நாடு முன்னேறும் என்கிறான் பொருளாதாரம் படிக்கும் என் மகன். அப்படியானால் நாங்கள் குறுவையும் சம்பாவும் போட்டு நாட்டுக்கு என்ன லாபம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: மகன் சொல்வது பாதி சரி. சுதந்திரம் கிடைத்த காலத்தில் நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வந்தது. மற்றத் தொழில்கள் வேகமாக வளர்ந்ததால் பங்கு குறைந்தது, விளைச்சல் குறைந்ததால் அல்ல. ஆனால் உழைப்பவர்களில் நூற்றுக்கு 45 பேர் இன்னும் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள், அந்த 18 பங்கைத்தான் இத்தனை பேரும் பிரித்துக்கொள்ள வேண்டும், இதுதான் உண்மையான சிக்கல்.

அப்புறம், உங்கள் வயல் நெல் மட்டும்தான் விவசாயக் கணக்கு. அது லாரி ஏறினால் வாடகை போக்குவரத்துக் கணக்கு, ஆலையில் அரிசியானால் கூடுகிற மதிப்பு தொழில் கணக்கு, கடையில் விற்றால் வரும் லாபம் வணிகக் கணக்கு. அதனால் வயல் காய்ந்தால் அடி 18 சதவீதத்தோடு நிற்காது. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2012-லும் 2016-லும் செப்டம்பரில்தான் திறந்தது, பம்புசெட் இல்லாதவர்களுக்குக் குறுவையே இல்லை. குறுவைப் பணம் வந்தால்தானே தீபாவளிக்குத் துணி எடுப்பதும் அடகு நகையை மீட்பதும்? டெல்டாவில் கடைத்தெருவே அதை நம்பித்தான் இருக்கிறது. 2020-21-ல் கொரோனாவால் நாட்டின் மொத்த வருமானமே சுருங்கியபோதும் விவசாயம் வளர்ந்தது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

எனக்கு ஆதங்கமெல்லாம் வேறு இடத்தில். ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், வெயில் வந்தால் சாலையில் கொட்டிக் காயவைக்க வேண்டும், அதற்குள் அடி நெல் முளைத்துவிடும். விளைந்த பிறகு வீணாகும் ஒவ்வொரு சிப்பமும் நாட்டு வருமானத்தில் விழும் ஓட்டைதான். ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதுவதோடு நிற்காமல், ஊருக்கு ஊர் உலர்த்தும் இயந்திரமும் கிடங்கும் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: டெல்டாவில்தான் தொழிற்சாலையே வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: இல்லை. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் குறித்த 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை. அரிசி ஆலைக்கோ, தவிட்டு எண்ணெய் ஆலைக்கோ, அவல் மில்லுக்கோ அதில் தடை கிடையாது.