இத்தாலியில் சீஸை அடகு வைத்து வங்கிக் கடன் வாங்க முடியுமா?

முடியும். நம்மூர் நகைக்கடன் போலத்தான். ஆனால் இது வடக்கு இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில், பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற ஒரு சீஸை மையமாக வைத்து நடப்பது.

காரணம் எளிது. இந்த சீஸை பெரிய சக்கர வடிவக் கட்டிகளாகச் செய்கிறார்கள். சுமார் 40 கிலோ எடையுள்ள அப்படி ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் தேவை. அது குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். பெரும்பாலும் 24 மாதமோ அதற்கு மேலோ வைக்கிறார்கள். பால் கொடுத்த விவசாயி அதுவரை காத்திருப்பாரா? மாட்டுக்குத் தீனி இன்றே வாங்கியாக வேண்டுமே. இந்த இடைவெளியைத்தான் கிரெடெம் என்ற உள்ளூர் வங்கி பல பத்தாண்டுகளாக நிரப்புகிறது. சக்கரங்களைத் தன் துணை நிறுவனத்தின் கிடங்கில் அடகாகப் பெற்று அடுக்கி, கடன் தருகிறது. அங்கே அவற்றைத் துடைப்பதும் திருப்பிப் போடுவதும் கிடங்கின் வேலை. தங்கம் பெட்டகத்தில் சும்மா கிடக்கும். இந்த அடகுப் பொருளோ, இருக்க இருக்க விலை கூடும்! கடன் திரும்பாவிட்டால் வங்கி சீஸை விற்றுவிடும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 2012 மே மாத நிலநடுக்கத்தில் கிடங்குகளின் அடுக்குகள் சரிந்து, லட்சக்கணக்கான சக்கரங்கள் சேதமடைந்தன.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: சீஸ் எடுத்தபின் மிஞ்சும் மோர்நீர் பன்றிகளுக்குத் தீவனமாகிறது. புகழ்பெற்ற பார்மா ஹாம் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சி) அந்தப் பன்றிகளிடமிருந்தும் வருகிறது.