அமெரிக்காவில் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, செய்பவர்கள் 'நான் ஈஸ்ட்', 'நான் வெஸ்ட்' என்று பிரித்துப் பேசுவது ஏன்? இதில் நீங்கள் எந்தப் பக்கம்?

நான் ஈஸ்ட். இதை நானாக முடிவு செய்யவில்லை. யூட்டாவில் ஒரு பெரியவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், குடும்பத்தோடு ஆல்டா போயிருந்தோம். யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகரத்துக்குப் பக்கத்து மலை. முதல் நாள் இரவெல்லாம் கொட்டிய பனி காலையில் முழங்கால் அளவு நின்றது. நான்கு திருப்பம் திரும்புவதற்குள் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை காலில் மாட்டியிருந்த ஸ்கீ பலகை ஒன்று கழன்று பனிக்குள் புதைந்துவிட்டது. குனிந்து குனிந்து துழாவி எடுப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. அப்புறம் மேலே போகும் சேர்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தேன். பழநி ரோப் கார் மாதிரிதான், ஆனால் கூண்டு கிடையாது, வெறும் பெஞ்ச் கம்பியில் தொங்கும். பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஒருவர். என்னைத் திரும்பிப் பார்த்து, "நியூ இங்கிலாந்தா?" என்றார். நான் இருக்கும் பாஸ்டன் உட்பட, அமெரிக்காவின் வடகிழக்கு மூலைக்கு அந்தப் பெயர். நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

இந்த நாட்டில் என் முகத்தைப் பார்த்ததும் யாரும் கேட்கும் முதல் கேள்வி 'இந்தியாவில் எங்கே?' என்பதுதான். இவர் என் முகத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை, காலைத்தான் பார்த்திருக்கிறார். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கீயின் ஓரத்தை அழுத்தி அழுத்தி ஐஸைத் தேடுகிறேனாம். இங்கே ஐஸ் இல்லை, தேடுவதை நிறுத்தினால் விழமாட்டீர்கள் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. திருநெல்வேலியில் பிறந்து முப்பது வயதில் முதல்முறையாகப் பனியைப் பார்த்தவனை ஒரு மனிதர் 'நீ பாஸ்டன்காரன்' என்று கண்டுபிடிக்கிறார், அதுவும் விழுந்த விதத்தை வைத்து.

கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஆட்டோவில் ஏறி இரண்டு வார்த்தை பேசினால் போதும், "திருநெல்வேலியா சார்?" என்று கேட்டுவிடுவார்கள். எத்தனை வருடம் சென்னையில் இருந்தாலும் அந்த இழுவை போகாது. ஸ்கீயும் அப்படித்தான். எந்தப் பனியில் கற்றுக்கொண்டீர்களோ அந்தப் பனியின் பேச்சுவழக்கு காலில் ஒட்டிக்கொள்ளும். சேர்லிஃப்டில் 'எந்த ஊர்?' என்று கேட்டால், பிறந்த ஊரைக் கேட்பதாக அர்த்தம் இல்லை. எந்த மலையில் சறுக்குவாய் என்று அர்த்தம்.

நான் கற்றுக்கொண்டது மாசசூசெட்ஸில் இருக்கும் வச்சூசெட் மலையில். மலை என்று மரியாதைக்குச் சொல்கிறோம், மொத்த உயரமே 2,006 அடி. வேலை முடிந்து சாயங்காலம் போனால் விளக்கு வெளிச்சத்தில் சறுக்கலாம். இங்கே கிழக்கில் எல்லாமே குள்ளம்தான். வெர்மாண்ட் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் மவுண்ட் மேன்ஸ்ஃபீல்ட் 4,393 அடி. நம்ம ஏற்காடு அதைவிட உயரம். ஆல்டாவிலோ, கார் நிறுத்தும் அடிவாரமே கிட்டத்தட்ட தொட்டபெட்டா உச்சியின் உயரத்தில் இருக்கிறது. பனியும் அங்கே ஒரு பருவத்துக்குச் சராசரியாக 500 அங்குலத்துக்கு மேல் விழும்.

கிழக்கில் ஜனவரியிலேயே மழை பெய்யும். மறுநாள் கனடாப் பக்கமிருந்து குளிர் இறங்கும், நேற்று நனைந்த பனி முழுக்கப் பாறையாகிவிடும். பற்றாக்குறைக்கு இயந்திரத்தில் தண்ணீரைப் பீய்ச்சி உறையவைத்துப் பனி செய்வார்கள். வானத்திலிருந்து விழும் பனி பஞ்சு என்றால் இது ரவை. ரவை மேல் ஆயிரம் பேர் சறுக்கினால் மத்தியானத்துக்குள் அது மொசைக் தரை. ஸ்கீ அதன்மேல் போகும்போது வரும் கரகரச் சத்தத்தை முதலில் கேட்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார்கள். அதனால்தான் 'ஈஸ்ட் கோஸ்ட்' என்பதை மேற்கத்திக்காரர்கள் 'ஐஸ் கோஸ்ட்' ஆக்கினார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். கிழக்கத்திக்காரர்கள் அதையே ஸ்டிக்கர் அடித்துக் காரில் ஒட்டிக்கொண்டார்கள், நானும் ஒட்டியிருக்கிறேன்.

நெற்றியைப் பார்த்துப் பட்டையா நாமமா என்று தெரிந்துகொள்வது போல, ஸ்கீயைப் பார்த்தும் ஊரைச் சொல்லலாம். பாதத்துக்குக் கீழே 80 மில்லிமீட்டர் சொச்சம் அகலம், ஓரத்து எஃகுப் பட்டை அரிவாள்மணை மாதிரி தீட்டியிருந்தால் பெரும்பாலும் கிழக்கு. அகலம் 100-க்கு மேல், ஓரம் தீட்டி எத்தனை மாதம் ஆனதோ தெரியாது என்றால் மேற்கு. புது ஆள் என்பதைக் காட்டிக்கொடுப்பது வேறொன்று: ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நெற்றி தெரியும் இடைவெளி. அதற்கென்றே ஒரு பெயர் உண்டு, 'கேப்பர் கேப்'. வாயைப் பிளந்து வேடிக்கை பார்ப்பவனின் இடைவெளி என்று அர்த்தம். என் முதல் வருடப் புகைப்படங்களில் எனக்கு இரண்டு விரற்கடை கேப் இருக்கிறது. அந்தப் படங்களை வீட்டில் யாருக்கும் காட்டுவதில்லை.

மேற்கு என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் மேற்கத்திக்காரர்களுக்குக் கோபம் வரும். கலிஃபோர்னியாவின் சியரா மலைத்தொடரில் விழும் பனி ஈரம் கூடியது, அதற்குப் பெயர் 'சியரா சிமெண்ட்'. வாஷிங்டன் மாநிலத்துப் பனி 'கேஸ்கேட் கான்கிரீட்'. அந்த மாநிலத்தின் மவுண்ட் பேக்கரில்தான் 1998–99 பருவத்தில் 1,140 அங்குலம் பனி விழுந்து உலக சாதனை ஆனது. கான்கிரீட் என்று கேலி செய்தால் அவர்கள் இந்த எண்ணைச் சொல்லி வாயை அடைப்பார்கள். கொலராடோவின் ஸ்டீம்போட் இன்னும் ஒருபடி மேலே போய் 'ஷாம்பெய்ன் பவுடர்' என்ற பெயரை வணிகச் சின்னமாகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. பவுடர் என்றால் புதிதாக விழுந்த உலர்ந்த, லேசான பனி. பனிக்குப் பட்டா வாங்கிய ஊர்.

யூட்டா கதை இதைவிட வேடிக்கை. அந்த மாநிலத்து வண்டிகளின் நம்பர் பிளேட்டில் 'பூமியிலேயே மகத்தான பனி' என்ற வாசகம் உண்டு. ரிங்லிங் சர்க்கஸ் கம்பெனியின் விளம்பர வாசகம் 'பூமியிலேயே மகத்தான காட்சி'. ஆங்கிலத்தில் 'ஷோ' என்பதும் 'ஸ்னோ' என்பதும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சர்க்கஸ் கம்பெனி வழக்குப் போட்டது. மேல்முறையீட்டிலும் யூட்டாதான் ஜெயித்தது, 1999-இல். ஒரு மாநிலம் தன் பனிக்காகக் கோர்ட் படியேறியிருக்கிறது! உண்மையில் யூட்டாவின் பனி நாட்டிலேயே உலர்ந்த பனிகூட இல்லை. ஆல்டாவில் விழும் பனியில் சராசரியாக எட்டு சதவீதம் சொச்சம் தண்ணீர். சியராவின் பன்னிரண்டு சதவீதத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் கொலராடோவின் சில இடங்களில் அதைவிடக் குறைவு. யூட்டாவின் சூட்சுமம் வேறு. அங்கே புயல் வரும்போது முதலில் கொஞ்சம் கனமான பனியும் அதன்மேல் லேசான பனியும் விழுவது வழக்கம், அதனால் ஸ்கீ அமிழாமல் மிதக்கும். அடியில் நல்ல மெத்தை, மேலே இலவம்பஞ்சு.

சரி, ஐஸில் கற்றவர்களுக்குப் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் பல ஊர்களில் நடக்கும் ஸ்கீ உலகக் கோப்பைப் பந்தயங்களுக்குத் தடம் தயார் செய்யும்போது, பனிக்குள் வேண்டுமென்றே தண்ணீரைச் செலுத்தி இறுக வைக்கிறார்கள். எங்களுக்கு ஜனவரி மழை ஓசியில் செய்துதரும் வேலை. இரண்டு முறை உலகக் கோப்பை ஒட்டுமொத்தப் பட்டம் வென்ற போடி மில்லர் நியூ ஹாம்ப்ஷயர்காரர், ஃபிராங்கோனியா பக்கம் கேனன் மலையில் சறுக்கி வளர்ந்தவர். கிழக்கத்திக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் அவர் பெயர் வரும்.

மிக்கேலா ஷிஃப்ரின் விஷயத்தில் மட்டும் சண்டை தீரவில்லை. உலகக் கோப்பையில் 100 வெற்றியைத் தாண்டிய ஒரே ஆள் அவர். பிறந்தது கொலராடோவின் வெயிலில், 1995-இல். சூரிய வெயில் இல்லை, அது ஊர்ப்பெயர். படித்ததும் பயிற்சி எடுத்ததும் வெர்மாண்டில், பர்க் மவுண்டன் அகாடமியில். இரண்டு பக்கமும் 'எங்க வீட்டுப் பொண்ணு' என்று உரிமை கொண்டாடுகிறார்கள். 2024 நவம்பரில் வெர்மாண்டின் கில்லிங்டனில் அந்த நூறாவது வெற்றி வந்துவிடும் என்று பெருங்கூட்டம் காத்திருந்தது. விழுந்து காயம்பட்டுவிட்டார். கடைசியில் 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியேரேயில் அது நடந்தது. ஆக, இரண்டு பக்கத்துக்கும் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கிழக்கத்திக்காரர்கள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெர்மாண்ட்காரர்களுக்கு மாநிலத்துக்கு வெளியிலிருந்து வரும் எல்லாரும் 'ஃப்ளாட்லேண்டர்', அதாவது சமவெளி ஆசாமி. நீங்கள் இமயமலையிலிருந்து வந்திருந்தாலும் சரி. எங்கள் மாசசூசெட்ஸ்காரர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு பட்டம், 'மாஸ்ஹோல்'. மாநிலத்தின் பெயரோடு ஒரு கெட்ட வார்த்தையை ஒட்டவைத்தது. கார் ஓட்டும் லட்சணத்துக்காகக் கிடைத்தது என்பார்கள். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே ஏறிவிட்டது. ஒருதடவை வெர்மாண்டில் ஒரு லிஃப்ட் ஊழியர் என் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு என் காதுபடவே அதைச் சொன்னார். நான் தப்பாக நிறுத்தியிருந்தேன் என்பதும் உண்மை.

அங்கேயே பிறந்தால்கூடத் தப்ப முடியாது. வெளியூர்ப் பெற்றோருக்கு வெர்மாண்டில் பிறந்த பிள்ளை வெர்மாண்ட்காரனா என்று கேட்டால், அங்கே ஒரு சொலவடை சொல்வார்கள்: பூனை அடுப்புக்குள் குட்டி போட்டால் குட்டி பிஸ்கட் ஆகிவிடுமா? என் மகள் பாஸ்டனில் பிறந்தவள். நான்கு வயதிலிருந்து சறுக்குகிறாள். இந்தச் சொலவடையை அவளிடம் சொன்னபோது, "அப்பா, அது சூடான பூனை" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

கொலராடோவில் 'நேட்டிவ்' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கார்கள் நிறையத் திரியும். அங்கேயே பிறந்தோம் என்று காட்டுவதற்கு. ஞாயிறு சாயங்காலம் ஐ-70 நெடுஞ்சாலையில் டென்வருக்குத் திரும்பும் நெரிசலில் நின்றபடி, இவ்வளவு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று டெக்சஸையும் கலிஃபோர்னியாவையும் திட்டுவார்கள். டெக்சஸ்காரர்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஸ்கீ செய்வார்கள் என்பது அங்கே சலிக்காத ஜோக். எனக்கு இந்த 'நேட்டிவ்' மட்டும் கொஞ்சம் நெருடும். அந்த மலைகள் யூட் மக்கள் வாழ்ந்த இடம், யூட்டா என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்தது. சில பெரிய மலைகளில் ஒருநாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்ட காலத்தில், யார் உள்ளூர் என்ற சண்டையே காசு உள்ளவர்களுக்குள் நடக்கிற சண்டைதான். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன், மறுக்கவில்லை.

ஊர்ப்பெயர் ஒட்டுவது இந்த விளையாட்டின் பிறவிக் குணமோ என்னவோ. முட்டி மடக்கித் திரும்பும் 'டெலிமார்க்' என்பது நார்வேயில் ஒரு பகுதியின் பெயர். 'கிறிஸ்டியானியா' திருப்பத்துக்கு வைத்தது நார்வே தலைநகர் ஆஸ்லோவின் பழைய பெயர். 'ஆர்ல்பெர்க்' முறை ஆஸ்திரிய மலைப்பகுதி. அதை உருவாக்கிய ஹன்னஸ் ஷ்னைடரை 1938-இல் நாஜிகள் சிறையில் போட்டார்கள், அடுத்த வருடம் அவர் வந்து இறங்கிய இடம் நியூ ஹாம்ப்ஷயர். இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெலிமார்க்கின் மோர்கெடால் கிராமத்திலிருந்து 1868-இல் கிறிஸ்டியானியாவுக்குப் போய், தன் சறுக்கலால் தலைநகரத்தை அசத்தியவர் சோண்ட்ரே நோர்ஹெய்ம். நவீன ஸ்கீயின் தந்தை என்பார்கள். அவர் 1884-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? வடக்கு டகோட்டா. பலகை மாதிரி தட்டையான ஊர். 1897-இல் அங்கேயே இறந்து அந்தச் சமவெளியிலேயே புதைக்கப்பட்டார். வெர்மாண்ட்காரர்கள் கணக்குப்படி அவரும் ஃப்ளாட்லேண்டர்.

ஆல்டா பெரியவர் கதையை முடிக்கவில்லையே. லிஃப்ட் உச்சிக்குப் போகும் நேரத்தில்தான் நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று அவருக்குத் தெரிந்தது. உடனே முகம் மலர்ந்து, "குல்மார்க் போயிருக்கிறீர்களா?" என்றார். அவர் போயிருக்கிறாராம். அந்த மலைப் பவுடரைப் பற்றிக் கல்யாணச் சாப்பாட்டைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் காஷ்மீரையே பார்த்ததில்லை. திருநெல்வேலியிலிருந்து குல்மார்க் கிட்டத்தட்ட 2,800 கிலோமீட்டர், பாஸ்டனிலிருந்து ஆல்டா வரும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று சமாளித்தேன். அவருக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை.

அதிலிருந்து மகள் குல்மார்க், குல்மார்க் என்று நச்சரிக்கிறாள். ஒருநாள் போகத்தான் போகிறோம். அங்கே லிஃப்ட் வரிசையில் என்னை என்னவென்று கூப்பிடுவார்கள் என்பது மட்டும் இப்போதே தெரியும். வடக்கே எங்கே போனாலும் நமக்கு ஒரே பெயர்தானே, மதராசி. திருநெல்வேலி மதராஸ் இல்லை என்று அங்கேயும் நான் விளக்கிக்கொண்டிருப்பேன். மகள் வழக்கம்போல முன்னால் போயிருப்பாள்.