வண்டி லோகோ: கழற்றுவது, சுற்றித் துடைப்பது, திரும்ப ஒட்டுவது (பெங்களூரு கேள்வி பதில்)

அல்சூர்: அண்ணா, டிக்கியில் இருக்கும் மாடல் பெயரையும் டீலர் ஒட்டிய பெயரையும் எடுக்கணும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பலாமா?

நெம்பவே கூடாது தம்பி. ஸ்க்ரூடிரைவர் நெம்ப வேண்டுமென்றால் அதன் முனை எதன் மீதாவது ஊன்றணும். அது ஊன்றுவது உங்கள் பெயின்டில்தான். எழுத்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனில், இருபுறமும் பசையுள்ள ஃபோம் டேப் இருக்கிறது. அந்த ஃபோமை அறுத்தால் போதும், எழுத்து தானாகக் கையோடு வந்துவிடும்.

முதல் வேலை, ஷாம்பூ போட்டுக் கழுவுவது. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நம்ம ஊர் கட்டட வேலைத் தூசி எழுத்துகளின் இடுக்கில் அப்பிக் கிடக்கும். நூல் அதை இழுத்துக்கொண்டு போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். கழுவிக் காயவைத்த பிறகு, எழுத்துகளைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள்.

அடுத்து ஹேர் டிரையர். 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். உள்ளங்கையை வைத்தால் இரண்டு நொடி தாங்கும் சூடு போதும். ஒர்க் ஷாப் ஹாட் கன் வேண்டாம்; ஒரு நிமிடக் கவனக்குறைவில் பெயின்ட் கொப்பளிக்கும், பிளாஸ்டிக் பம்பர் வளைந்துவிடும்.

மீன்பிடி நைலான் நூலோ பல் இடுக்கு ஃப்ளாஸோ அரை மீட்டர் எடுத்து, இரு முனையையும் துணி சுற்றிய விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். மேல் மூலையிலிருந்து ரம்பம் இழுப்பது போல இடம் வலமாக இழுங்கள். நூல் தகட்டை ஒட்டியே போகணும். இறுகினால் பலம் போடாதீர்கள், திரும்பச் சூடு காட்டுங்கள். கடைசி எழுத்து விழப்போகும்போது இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளணும். விழுந்தால் அதன் கூர்முனை பம்பரில்தான் கீறும்.

மிச்ச ஃபோமைச் சூடாக இருக்கும்போதே கட்டைவிரலால் உருட்டுங்கள். ரப்பர் போட்டு அழிக்கும்போது வருகிற மாதிரி திரிதிரியாக உருண்டு வரும். விரல் வலிக்கும், ஆனால் இதைவிடப் பாதுகாப்பான கருவி கிடையாது. போகாத பிசுக்குக்கு டபிள்யூ.டி. 40 எண்ணெய் ஸ்ப்ரேயில் நனைத்த துணியை மூன்று நிமிடம் போட்டு வைத்துத் துடையுங்கள். கடைசியில் சோப்புத் தண்ணீர், இல்லாவிட்டால் எண்ணெய்ப்பசை தங்கிவிடும்.

சிவாஜிநகர்: தின்னர் போட்டால் ஒரே நிமிடம் என்கிறார்களே?

பசை போகும், கூடவே பளபளப்பும் போகலாம். கம்பெனி பெயின்ட் ஓரளவு தாங்கும். வெளியே திரும்ப அடித்த பெயின்ட் கரைந்து துணியில் நிறமாக வரும். டிக்கி ரப்பர் பீடிங்கிலோ கீல் போல்ட்டிலோ பெயின்ட் தெறிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது திரும்ப அடித்ததுதான். பக்கத்து டெயில் லேம்ப் பிளாஸ்டிக்கில் தின்னர் பட்டால் மயிரிழை விரிசல் விழும். நெயில் பாலிஷ் ரிமூவரும் அதே ரகம்.

விவேக் நகர்: எட்டு வருட சிவப்பு கார். எழுத்து எடுத்த இடத்தில் பெயர் நிழல் மாதிரி தெரிகிறது.

நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டினால் அது அழுக்கும் பழைய வாக்ஸும்தான். கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டால் போய்விடும். தட்டாமல் நிறம் மட்டும் வேறுபட்டால், சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது, எழுத்துக்கு அடியில் இருந்தது வெளுக்கவில்லை. நைஸ் பாலிஷ் போட்டு ஒரு சதுர அடிக்கு ஐந்தாறு முறை கையால் தேய்த்தால் வித்தியாசம் குறையும். அடியோடு மறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சே ஒரு தலைமுடித் தடிமன்கூட வராது. முரட்டு ரப்பிங் காம்பவுண்டில் அதைத் தீர்த்துவிட்டால் அப்புறம் பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

ஒயிட்ஃபீல்டு: கழற்ற வேண்டாம் சார். எழுத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

டேங்கர் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றுகிறீர்கள் மேடம், சரிதானே? அது சுண்ணாம்பு உப்பு. தேய்த்தால் கோடுதான் விழும், அமிலத்தில் கரைக்கணும். வெள்ளை வினிகரும் ஆர்.ஓ. நல்ல தண்ணீரும் சரிபாதி. நிழலில், வண்டி ஆறியிருக்கும்போது, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தடவி ஒரு நிமிடத்தில் கழுவிவிடுங்கள். பிரஷ்ஷின் தகரப் பட்டியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கோடு போடுவது பிரஷ்ஷின் முடி இல்லை, அந்தத் தகரம்தான். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், குரோமை அது தின்றுவிடும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவும் பழக்கம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் உப்பு முழுக்க அதில்தான் சேர்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் பின்னால் தங்கும் தண்ணீர் துடைத்த பிறகுதான் வழியும். அதனால் பத்து நிமிடம் கழித்து அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஒற்றி எடுங்கள்.

இடுக்கில் தங்கிய பழைய வாக்ஸும் வெள்ளையாகத்தான் தெரியும். வினிகருக்கு அசையாவிட்டால் அதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அதே பிரஷ்ஷால் எடுங்கள்.

கம்மனஹள்ளி: நூல் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறது அண்ணா. இன்னும் இழுக்கவா?

நிறுத்துங்கள். நூலைத் தடுப்பது பிளாஸ்டிக் பின் (குச்சி). சில லோகோக்களில் இடம் தவறாமல் ஒட்டுவதற்காகப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் குச்சி வைத்து, தகட்டில் ஓட்டையும் போட்டிருப்பார்கள். எடுத்தால் ஓட்டை தெரியும், மழைத் தண்ணீர் உள்ளே போய்த் துரு பிடிக்கும். ஓட்டையை அடைத்து டச்சப் செய்ய ஆள் இல்லையென்றால் லோகோவை அப்படியே விட்டுவிடுங்கள்.

பி.டி.எம். லேஅவுட்: பைக் டேங்க் பெயரையும் இப்படியே எடுக்கலாமா?

விளிம்பில் நகம் மாட்டினால் எடுக்கலாம். வழுக்கிக்கொண்டு போனால் ஸ்டிக்கர் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது, எடுக்க முடியாது. ஸ்குரூ போட்ட பேட்ஜுக்குச் சூடே வேண்டாம். டேங்க்கில் ஹேர் டிரையர் காட்டுவதென்றால் பெட்ரோல் மூடி இறுக்கமாக இருக்கணும், கசிவோ வாடையோ இருக்கக்கூடாது.

எச்.ஏ.எல்.: முன் கிரில் லோகோவைக் கறுப்பாக மாற்றலாமா? அடாப்டிவ் குரூஸ் (முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உள்ள வண்டி.

சில வண்டிகளில் ரேடார் அந்த லோகோவுக்குப் பின்னால்தான் இருக்கும். ரேடார் அலை ஊடுருவும்படி செய்த லோகோ அது. மேலே மெட்டாலிக் பெயின்ட்டோ வேறு தகடோ வந்தால் முன்னால் போகும் வண்டியை அது சரியாகப் பார்க்காது. ரேடார் எங்கே என்று கையேட்டில் பார்க்காமல் தொடாதீர்கள்.

அல்சூர் (மறுபடி): எடுத்ததில் ஒன்றைத் திரும்ப ஒட்டணும். ஃபெவிக்விக் போதுமா?

வேண்டாம் தம்பி. அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைப்பாகிவிடும், சுற்றிலும் வெள்ளைப் புகை படியும், அடுத்த முறை எடுத்தால் பெயின்டோடு வரும். ஜே.சி. ரோடு கடைகளில் 3எம் வி.எச்.பி. டேப் (இருபுறமும் பசையுள்ள பலமான டேப்) கேளுங்கள். லோகோவின் பழைய ஃபோமை முழுக்க எடுத்து, லோகோவின் பின்பக்கத்தையும் வண்டித் தகட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டேப் போட்டு ஒட்டி 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். 21 முதல் 38 டிகிரி வரை இந்த டேப் நன்றாகப் பிடிக்கும். மார்கழிக் காலையில் ஒட்டுவதென்றால் தகட்டை டிரையரால் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை பிரஷர் வாஷ் கூடாது.