ஆங்கிலப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் காதால் பிடித்து எழுதுவது: கேள்வி பதில்

ஆங்கிலம் பேசும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் குறியிட்டு எழுதப் பழகும் கோலாலம்பூர், பினாங்கு ஆசிரியர்களும் மொழியியல் மாணவர்களும் கேட்டவை இவை. உதாரணங்களில் \ என்றால் இறக்கம், / ஏற்றம், \/ இறங்கி ஏறுவது, | கூறின் எல்லை (கூறு என்பது ஒரே மெட்டாகச் சொல்லப்படும் பேச்சுத் துண்டு). குறி எந்த அசைக்கு முன்னால் நிற்கிறதோ அதுதான் நியூக்ளியஸ், அதாவது கூறின் மெட்டு திரும்பும் முக்கிய அசை.

கே (செந்தூல், முதலாண்டு மாணவி): டீச்சர், எந்த வாக்கியத்தைக் கேட்டாலும் எல்லாமே ஏறி இறங்குவது போலத்தான் இருக்கிறது. எதை முதலில் பிடிப்பது?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்ப்பதால் வரும் குழப்பம் அது. மொழியியலாளர் ஹாலிடே 1960-களில் இந்த வேலையை மூன்று முடிவுகளாகப் பிரித்துக் காட்டினார்: பேச்சு எத்தனை கூறுகளாக விழுகிறது, ஒவ்வொரு கூறிலும் நியூக்ளியஸ் எந்த அசை, அங்கே தொடங்கும் டோன் (ஏற்ற இறக்க வடிவம்) எது. இதே வரிசையில் மூன்று சுற்று கேளுங்கள். முதல் சுற்றில் | மட்டும் போடுங்கள். இரண்டாவதில் கூறுக்கு ஓர் அசையின் கீழ் கோடு. மூன்றாவதில்தான் \ / எல்லாம். ஒரு துண்டு 2, 3 விநாடிக்கு மேல் போக வேண்டாம். நீண்டால் கேட்டது மறந்துபோகும். அப்புறம் இலக்கணத்தை வைத்து ஊகித்து எழுத ஆரம்பித்துவிடுவோம்.

கே (பட்டர்வொர்த், இடைநிலைப்பள்ளி ஆசிரியர்): கமா இருக்கும் இடம்தானே கூறின் எல்லை?

பல நேரம் ஆமாம், ஆனால் அதை நம்பி எழுதக்கூடாது. காதுக்குத் தெரியும் அடையாளங்கள்: கடைசி அசை நீளும், அடுத்த கூறின் தொடக்கத்தில் அழுத்தமில்லாத அசைகள் விறுவிறுவென ஓடும், சுருதி (குரலின் உயரம்) புதிதாக ஒரு மட்டத்திலிருந்து தொடங்கும். இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் ஈப்போ’ என்பதை ஒரே கூறாகச் சொன்னால், பல சகோதரர்களில் ஈப்போக்காரர். ‘மை பிரதர் | ஹூ லிவ்ஸ் இன் ஈப்போ |’ என்று வெட்டினால் சகோதரரே ஒருவர்தான், ஈப்போ என்பது கூடுதல் தகவல்.

கே (பிரிக்பீல்ட்ஸ்): நியூக்ளியஸ் என்றால் அதிகச் சத்தமாக ஒலிக்கும் அசைதானே? எனக்கு எப்போதும் கடைசிச் சொல்லில்தான் விழுகிறது.

சத்தத்தைத் தேடாதீர்கள். கூறில் சுருதி கடைசியாக எங்கே திரும்புகிறதோ அந்த அசைதான் நியூக்ளியஸ். அதற்குப் பின்னால் வருவது வால். வாலில் அழுத்தமுள்ள சொற்கள் இருக்கலாம், ஆனால் புதிய திருப்பம் எதுவும் இருக்காது (இறங்கி ஏறும் டோனின் ஏற்றம் மட்டும் விதிவிலக்கு, அதைப் பின்னால் பார்ப்போம்). நியூக்ளியஸ் தொடங்கிவைத்த கோட்டிலேயே அது போகும்.

நீங்கள் கடைசிச் சொல்லுக்கே போய் நிற்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் எதை முக்கியப்படுத்துகிறோம் என்பதைச் சொல்லோடு ஒட்டியே காட்டிவிடலாம்: நான்தான் போனேன், நேற்றுதான் போனேன், நீயா போனாய், நீ நேற்றா போனாய். மலாயிலும் ‘காஹ்’ கேள்விக்குரிய சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டு இருக்கும்போது குரல் அந்தச் சுமையைத் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நம் ‘தான்’, ‘ஆ’ செய்யும் வேலையில் பெரும்பகுதியை நியூக்ளியஸின் இடமே செய்கிறது. நம் காது ஒட்டைத் தேடுகிறது, அது கிடைக்காததால் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ‘டூ யூ வான்ட் ரொட்டி சானாய்?’ என்று ஒருவர் கேட்கிறார். பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் பதில் ‘ஐ டோன்ட் \லைக் ரொட்டி சானாய்’ என்று வரும். ரொட்டி சானாய் ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்டது, ஆகவே வாலுக்குத் தள்ளப்படுகிறது. ‘லைக்’கில் சுருதி விழுகிறது, மீதி நாலு அசையும் தரையோடு தரையாகப் போகின்றன. நம் ஊரில் ‘ஐ டோன்ட் லைக் ரொட்டி சா\னாய்’ என்று அடிக்கடி கேட்கலாம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாயால் சொல்லிப் பாருங்கள். பிறகு சொற்களை விட்டுவிட்டு ‘ம்ம்’ என்று மெட்டை மட்டும் முனகுங்கள். ஒலிப்பதிவோடு எந்த முனகல் பொருந்துகிறதோ அதை எழுதுங்கள். சந்தேகம் வந்தால் மூன்றாவதாக ‘\ஐ டோன்ட் லைக்…’ என்றும் முனகிப் பார்க்கலாம். தவறான இடத்தில் வைத்தால் எப்படி ஒட்டாமல் நிற்கிறது என்பது உடனே தெரியும்.

கே (ஜார்ஜ்டவுன்): இறக்கம் என்று விடை இருக்கும் இடத்தில் எல்லாம் நான் ஏற்றம் என்று எழுதுகிறேன், டீச்சர்.

இது எல்லாருக்கும் வரும் தவறு. உயரத்திலிருந்து விழ வேண்டுமானால் குரல் முதலில் மேலே தாவ வேண்டும். நீங்கள் அந்தத் தாவலைக் கேட்கிறீர்கள். டோன் என்பது நியூக்ளியஸின் உயிரெழுத்து தொடங்கியதிலிருந்து கூறின் முடிவு வரை நடப்பது. அதற்கு முன் அங்கே எப்படி ஏறி வந்தது என்பது கணக்கில் இல்லை. அந்த உயிரெழுத்திலிருந்து முடிவுவரை மட்டும் தேர்ந்து ஐந்தாறு தடவை ஓடவிடுங்கள். முன்பகுதி காதில் விழாதபோது இறக்கம் பளிச்சென்று தெரியும்.

கே (அதே ஜார்ஜ்டவுன்): அப்படியானால் \/ எப்படி? பாதி நேரம் அது வெறும் / போலத்தான் கேட்கிறது.

வால் நீளமாக இருந்தால் \/ பிரிந்துவிடும். இறக்கம் நியூக்ளியஸில் நடந்து முடிந்துவிடும், ஏற்றம் வாலின் கடைசி அசைகளில் வரும். ‘\/மேரி பெயிட் ஃபார் இட்’ என்றால் ‘மே’யில் உயர்ந்து விழுகிறது, ‘இட்’டில் சற்றே தூக்குகிறது (மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்ற தொனி). வெறும் / ஆக இருந்தால் ‘மே’ தாழ்வாகத் தொடங்கி ஒரே சரிவாக மேலே போகும். ஆக, பார்க்க வேண்டிய இடம் கடைசி அசை இல்லை. நியூக்ளியஸ் உயரத்தில் இருக்கிறதா, தாழ்விலா என்று பாருங்கள்.

கே (பிரிக்பீல்ட்ஸ்): கேள்வி என்றால் ஏற்றம், கூற்று என்றால் இறக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ‘வேர் ஆர் யூ \கோயிங்’ போன்றவை சாதாரணமாக இறங்கும். ‘இட்ஸ் ஹாட் | \இஸின்ட் இட்’ என்றால் ஆமோதிக்கச் சொல்கிறார். ‘/இஸின்ட் இட்’ என்றால் உண்மையாகவே கேட்கிறார். எழுத்தும் கேள்விக்குறியும் இரண்டிலும் ஒன்றுதான்.

கே (பினாங்கு, முதுகலை மாணவர்): பிராட் மென்பொருளில் போட்டால் சுருதிக் கோடு அங்கங்கே அறுந்தும் குதித்தும் வருகிறது. என் காது தப்பா, கோடு தப்பா?

பெரும்பாலும் அமைப்பு தப்பு. பிராட் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பூர்ஸ்மாவும் வீனிங்கும் உருவாக்கிய இலவசப் பேச்சு ஆய்வு மென்பொருள். அதில் சுருதி எல்லையைக் குரலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்: ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 என்று தொடங்குங்கள். 240-இல் போன கோடு சட்டென்று 120-க்கு இறங்கினால் அது சரியாகப் பாதி, கருவி ஏமாந்திருக்கிறது. கீழ் எல்லையை உயர்த்துங்கள். இரட்டிப்பாகத் தாவினால் மேல் எல்லையைக் குறையுங்கள்.

அறுந்துபோவது இயல்புதான். ஸ், ஃப், ப், ட், க் போன்ற அதிராத மெய்களில் சுருதியே கிடையாது. அவற்றை அடுத்து வரும் உயிரெழுத்தின் முதல் நுனி கொஞ்சம் மேலே நிற்கும், அதை இறக்கம் என்று குறிக்காதீர்கள். வாக்கிய முடிவில் குரல் கரகரத்தால் கோடு மறைந்துவிடும் அல்லது தாறுமாறாகக் குதிக்கும். அங்கே காதையே நம்பலாம். பழகுவதற்கு ‘வீ ஆர் ஆல் ரன்னிங் அவே’ போல எல்லா ஒலியும் அதிரும் வாக்கியங்களை எடுத்தால் கோடு அறாமல் வரும்.

இன்னொன்று, கோட்டை ஹெர்ட்ஸில் வைத்து இருவரை ஒப்பிடாதீர்கள். ஆண் குரல் 120-லிருந்து 160-க்குப் போவதும் பெண் குரல் 210-லிருந்து 280-க்குப் போவதும் காதுக்கு ஒரே அளவு ஏற்றம்தான், இரண்டும் ஏறக்குறைய 5 செமிடோன் (இசையின் அரைச்சுரப் படி). திரையை செமிடோனுக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமாக, காதால் எழுதி முடித்த பிறகே கோட்டைத் திறக்க வேண்டும். முதலில் கோட்டைப் பார்த்துவிட்டால் பிறகு கோட்டைத்தான் கேட்பீர்கள்.

கே (அதே மாணவர்): டோபி முறையில் எழுதச் சொல்கிறார்கள். இந்தக் குறிகள் வீணா?

வீண் இல்லை. டோபி, மொழியியலாளர் பியர்ஹம்பர்ட்டின் 1980 ஆய்வேட்டிலிருந்து கிளைத்து 1990-களின் தொடக்கத்தில் உருவான முறை. அது டோனை உயர்வு (எச்), தாழ்வு (எல்) என்ற புள்ளிகளாக உடைக்கிறது; * நியூக்ளியஸ் அசையையும், - உம் % உம் அதற்குப் பின் கூறின் முடிவு வரையுள்ள பகுதியையும் காட்டும். ஏறக்குறையப் பொருத்திப் பார்த்தால் \ என்பது எச்* எல்-எல்%, \/ என்பது எச்* எல்-எச்%, தாழ்விலிருந்து உயரப்போகும் கேள்வி ஏற்றம் எல்* எச்-எச்%. வகுப்பறைக்கு எனக்கு \ / போதும். பெரிய தரவை எண்ணிக் கணக்கெடுக்க டோபி வசதி.

கே (செந்தூல்): கோலாலம்பூர்க்காரர்கள் பேசுவதைப் பதிவு செய்து எழுதுகிறேன். ‘கேன் லா’, ‘கேன் ஆ?’ இவற்றில் நியூக்ளியஸ் எது?

பிரிட்டிஷ் சட்டைக்குள் இதைத் திணிக்க வேண்டாம். ‘கேன் ஆ?’வில் உயர்வு ‘ஆ’வின் மேலேயே உட்காரலாம், ‘வரலாமா’ கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை. டெக்ஸ்ட்கிரிட்டில் (பிராட்டில் ஒலியோடு சேர்த்துக் குறிப்பு எழுதும் கோப்பு) மூன்று அடுக்கு போடுங்கள்: சொற்கள், எடுப்பாக ஒலிக்கும் அசைகள், ‘லா’, ‘ஆ’ போன்ற துகள் சொற்களின் சுருதி. ஒரு கூறில் இரண்டு மூன்று சொற்கள் சம எடுப்பாகக் கேட்டால் மூன்றையும் குறியுங்கள். ‘இங்கே இருந்திருக்க வேண்டும்’ என்று திருத்தி எழுதினால் தரவு போய்விடும்.

கே (பட்டர்வொர்த்): பத்து நிமிடப் பேட்டி ஒன்று இருக்கிறது. வார இறுதிக்குள் முடியுமா?

முடியாது, அண்ணே. டோபி பழகியவர்களுக்கே பேச்சின் நீளத்தைப்போல் 100 முதல் 200 மடங்கு நேரம் பிடிக்கும். ஒரு நிமிடத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம். பேட்டியின் நடுவிலிருந்து 30 விநாடி எடுங்கள். இன்று எழுதியதை மூடிவைத்து, ஒரு வாரம் கழித்துப் பார்க்காமல் மறுபடி எழுதி இரண்டையும் அடுக்கிப் பாருங்கள். | போட்ட இடங்கள் பெரும்பாலும் ஒத்துவரும், \ உம் \/ உம் தான் அதிகம் முட்டிக்கொள்ளும். முட்டும் இடங்களை மட்டும் இன்னொருவர் காதுக்குக் கொடுங்கள். உங்கள் குறிகளைக் காட்டாமல்.