ஏழு மணி பஸ்ஸும் அடிவயிறும்

அன்புள்ள ஐயா,

துறையூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வயது 31. எட்டு மாதமாக ஓர் அவஸ்தை. ஏழு மணி பஸ் கிளம்பியதுமே அடிவயிறு முறுக்கத் தொடங்கும். நம்பர் ஒன் டோல்கேட்டில் பாதியில் இறங்கிக் கழிப்பறை தேடிய நாட்கள் பல. போய் வந்தால் வலி அடங்கிவிடும். வெறும் காபியோடு கிளம்பிப் பார்த்தேன், பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றுமே இருக்காது. ரத்தம், மலம், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாயிற்று. "ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்" என்றார் டாக்டர். அம்மா குடலேற்றம் என்று ஆள் கூட்டி வந்து தட்டவைத்தார். மனைவி "எல்லாம் உங்க மனப்பிரமை" என்கிறாள். மனசால் வயிறு இப்படி வலிக்குமா?

கே.

அன்புள்ள கே.,

வலிக்கும். நான் மருத்துவன் இல்லை. ஆனால் மேடையேறும் முன் மூன்று தடவை கழிப்பறைக்குப் போகிறவன். ஒருமுறை தலைமையுரை முடிந்து மைக்கில் என் பெயரை இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டது எனக்கு உள்ளிருந்துதான் கேட்டது. அன்று என்ன பேசினேன் என்பது நினைவில்லை, அந்தக் கழிப்பறைக் கதவின் பச்சை பெயிண்ட் நினைவிருக்கிறது.

பயந்தவனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். அதைக் கண்ணாலேயே பார்த்தவர் வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822 ஜூனில் மெக்கினாக் தீவில், விலங்கு ரோமம் விற்கும் வியாபாரக் கம்பெனியின் கடையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கனடாக்காரக் கூலியாளின் வயிறு கிழிந்தது. ஆள் பிழைத்தார், ஓட்டை மட்டும் கடைசிவரை மூடவில்லை. போமான்ட் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டு, இறைச்சித் துண்டைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே இரைப்பைக்குள் விட்டு, அவ்வப்போது இழுத்துப் பார்ப்பார். பயமோ கோபமோ வந்தால் இரைப்பையின் உள்தோல் சில சமயம் சிவந்து காய்ந்துபோவதையும், சில சமயம் வெளிறிப்போவதையும், செரிமானம் கெடுவதையும் 1833-இல் புத்தகமாகவே எழுதினார். சென் மார்ட்டினுக்குக் கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வயிற்றில் நூலைக் கட்டி இழுத்தால் யாருக்குத்தான் வராது?

குடலின் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. பயம் வந்தால் இரைப்பை மெதுவாகிவிடும், பெருங்குடல் வேகமெடுக்கும். அதனால்தான் இட்லி மேலே கல்லாகக் கிடக்க, கீழே அவசரம் முட்டுகிறது. போதாததற்கு, காபி தானாகவே பெருங்குடலைக் கிளப்பிவிடும். நீங்கள் இட்லியை விட்டு காபியைப் பிடித்தது எண்ணெயை விட்டு நெருப்பைப் பிடித்த கதை.

இன்னொன்றும் உண்டு. உங்களைப் போன்றவர்களின் குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு உறைக்காத அளவிலேயே பலருக்கு வலி வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: டாக்டரின் "ஒண்ணுமில்ல" என்பதற்கு, புண்ணோ கட்டியோ இல்லை என்றுதான் பொருள். வலி இல்லை என்று பொருளில்லை.

உங்கள் சீட்டில் ஐ.பி.எஸ். என்று எழுதியிருக்கலாம். இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது எளிதில் கூசிப்போகும் குடல். சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் போலீஸ் அதிகாரி வயிற்றுக்குள் குடிவந்த மாதிரி இருக்கிறது. இதற்குக் குறைந்த அளவில் மனச்சோர்வு மாத்திரை ஒன்றைத் தருவதுண்டு. குடல் நரம்பின் கூச்சத்தை அது தணிக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் முகத்தைப் பார்த்து வெட்கப்படாதீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதுவதும் தப்பு. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று டாக்டர்களே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1984-இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று சொல்லி, அதன் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனவே நீங்கள் முதலில் பரிசோதனைக்குப் போனதுதான் சரி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இதில் எது வந்தாலும் என் கடிதத்தை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

இனி பஸ் விஷயம். முதல் நாள் எதனால் கலக்கியதோ, இப்போது கலக்குமோ என்ற பயமே கலக்குகிறது. டோல்கேட்டில் இறங்கும் ஒவ்வொரு தடவையும், "இறங்கினால்தான் பிழைப்பாய்" என்று வயிற்றுக்கு நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். வாத்தியார் அல்லவா, நன்றாகவே பதிந்துவிட்டது. இதை மாற்றப் பயிற்சி தரும் உளவியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்; டாக்டரிடமே கேட்டு ஒருவரைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். வரும் ஞாயிறு ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு இட்லியை நிதானமாகச் சாப்பிட்டு, வீட்டுக் கழிப்பறையில் அவசரமில்லாமல் உட்கார்ந்துவிட்டு, அதே ஏழு மணி பஸ்ஸில் ஏறுங்கள். வகுப்பு இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, தாமதமானால் கேட்பாரும் இல்லை. மனைவியையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுங்கள். மன்னச்சநல்லூர் தாண்டும்போது வயிறு என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.