மூன்றாவது சின்னம்

அன்புள்ள அண்ணா,

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர்கள். வரும் சட்டமன்றத் தேர்தலில் ஒரு சின்னக் கட்சி வேட்பாளருக்குப் போடலாம் என்றிருக்கிறேன். ரிட்டயர் ஆனவர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது எங்கள் வாசலில் வந்து நின்றவர் அவர் ஒருவர்தான். அப்பாவோ, "தோக்கப்போறவனுக்குப் போட்டா அது செல்லாத ஓட்டுதான். நமக்கு ஆகாதவன் ஜெயிச்சிட்டுப் போயிருவான்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகி, பந்தலூர்

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் பயம் வெறும் பயமல்ல. 2021-ல் உங்கள் கூடலூர் தொகுதியில் வெற்றியைத் தீர்மானித்தது 1,945 வாக்குகள். மூன்றாவதாக வந்தவர் வாங்கியதே அதைவிட அதிகம். ஒருவரைப் பாதிக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றாலும், அவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றால் அவர் எம்.எல்.ஏ. ஆகிவிடலாம். நம் தேர்தல் முறை அப்படி.

ஆனால் வாக்கு எண்ணி முடித்த மறுநாளையும் யோசிக்க வேண்டும். அதை நான் 2014-ல் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நாடாளுமன்றத் தேர்தலில் நீலகிரியில் பா.ஜ.க. வேட்பாளரின் வேட்புமனு தள்ளுபடியாகிவிட்டது. 'யாரும் வேண்டாம்' என்னும் நோட்டாவுக்கு 46,559 வாக்குகள் விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. கோத்தகிரியில் எங்கள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை இல்லை; அந்தக் கோபத்தில் அழுத்தினேன். மறுநாள் அந்த 46,559 பேரைக் கூட்டி உட்காரவைக்க ஓர் ஆளில்லை, எங்கள் பெயரில் ஒரு மனு எழுதவும் ஆளில்லை. நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து இருப்பவர்தான் ஜெயித்தவர் என்பது விதி. அந்த வாக்கை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

உங்கள் வாக்கு அப்படி அநாதையாகாது. தோற்றாலும் அவர் அங்கேதான் இருப்பார். 1957-ல் முதன்முறை தேர்தலில் நின்ற தி.மு.க. பத்துப் பதினைந்து இடங்களோடு திரும்பியது; பத்தே வருடத்தில் ஆட்சிக்கு வந்தது. நாம் தமிழர் கட்சி ஒரு தொகுதிகூட ஜெயிக்காமல், 2024-ல் வாங்கிய 8 சதவீதத்தை வைத்தே மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. எல்லோருக்கும் இது கூடிவருவதில்லை. 2006-ல் தனித்து நின்று 8 சதவீதம் வாங்கிய தே.மு.தி.க. 2016-ல் ஓரிடமும் பெறவில்லை.

ஜெயிக்க வாய்ப்புள்ள இருவரில் ஒருவர் வந்தால் உங்கள் வீடே பறிபோகும் என்ற நிலை இருந்தால், அப்பா சொல்வதைக் கேளுங்கள். அவரைத் தடுக்கக்கூடியவருக்குப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. தேர்தல் இல்லாத நாளில் வாசலுக்கு வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும். அவருக்கே போடுங்கள்.

போட்டதோடு விட்டுவிடாதீர்கள். முடிவு வந்தபின் படிவம் 20 வெளியாகும். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். ஜெயித்தவரின் ஆட்களும் அதைத்தான் புரட்டுவார்கள். உங்கள் லைன்காரர்கள் வாக்களித்த சாவடியின் கணக்கை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். தொகுதிக்குப் போதாத வாக்கு, உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டுக்குப் போதுமானதாக இருக்கலாம். அன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்