மார்க் மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் மேற்படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்து போனதிலிருந்து உங்கள் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாப்பா டிசைன், அதாவது வடிவமைப்பு, படிக்க ஆசைப்படுகிறாள் என்றதும், “படம் வரையுறதுக்கு நாலு வருஷம் படிப்பா? பி.காம். முடிச்சிட்டு மில்லுல வந்து உட்காரட்டுமே” என்று கேட்டீர்கள். அன்று இருந்த அவசரத்தில் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியோடு வரும் மற்ற பெற்றோருக்கும் உதவட்டும் என்று, நீங்கள் சம்மதித்தபடி ஊர், பேர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

அன்று நீங்கள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தீர்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டில், அரை லிட்டர் பாக்கெட், பில் புத்தகம், விசிட்டிங் கார்டு. பதினைந்து கிலோ டின்னை போனில் படமாகக் காட்டினீர்கள். இவ்வளவு வியாபாரம் இருக்கும்போது இவள் ஏன் வெளியே வேலை தேட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் அதெல்லாம். பாப்பா ஒன்றும் பேசவில்லை. உங்கள் எண்ணெய் மில்லின் அடையாளமான விளக்குப் படம் போட்ட பாட்டிலை எடுத்துப் போன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம், “அப்பா, டின்னுல விளக்குக்கு அஞ்சு சுடர் இருக்கு, பாட்டில்ல மூணுதான் இருக்கு” என்றாள்.

நீங்கள் சிரித்துக்கொண்டே, “அதை யாரு எண்ணிப் பார்க்கப் போறா?” என்றீர்கள்.

நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நன்றாக வரைகிற பிள்ளைகள் நிறைய வருவார்கள். அந்த மூன்று சுடரைத் தானாகப் பார்க்கிற பிள்ளை எப்போதாவதுதான் வரும். அவள் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். டின்னில் இருப்பது குங்குமச் சிவப்பு, பாக்கெட்டில் அதுவே செங்கல் நிறம். ஆங்கிலத்தில் மில்லின் பேரை எழுதும்போது கார்டில் ஓர் எழுத்து கூடுதல். பில் புத்தகத்தில் விளக்கே இல்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, நம் ஊரில் பிராண்ட் என்ற சொல் வருவதற்கு முன்பே ‘மார்க்’ இருந்தது. கிளி மார்க், யானை மார்க் என்று கேட்டு வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் படம் தெரியும். உங்கள் அப்பா விளக்கைப் போட்டது அழகுக்காக இல்லை, கடையில் பத்து டின் நடுவே கை நேராக அந்த டின்னுக்குப் போக வேண்டும் என்பதற்காக. வாங்குபவர் சுடரை எண்ணுவதில்லை, உண்மைதான். ஆனால் கண் ஒரு முழு உருவமாகப் பார்த்துப் பழகியிருக்கிறது. அது லேசாக மாறினால், என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது, ‘இது அந்த எண்ணெய்தானா?’ என்று மட்டும் ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடியில் கை பக்கத்து டின்னுக்குப் போய்விடும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் அப்போது பெப்சிகோவிடம் இருந்த டிராபிகானா ஆரஞ்சு ஜூஸுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்தியிருக்கும் படம்தான் அதன் அட்டையின் அடையாளம். 2009 ஜனவரியில் புதுசாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் ஜூஸ் இருப்பதுபோல் மாற்றினார்கள். எழுத்தும் மாறியது. உள்ளே இருந்த ஜூஸ் மாறவே இல்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் இறங்கியது. பிப்ரவரி மாதமே பழைய அட்டைக்குத் திரும்புவதாக அறிவித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியையே வாங்குபவர்கள் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள் என்றால், மூன்று தாலுகாவில் ஓடும் எண்ணெய்க்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

ஆக, பாப்பா படிக்க ஆசைப்படும் படிப்பில் வரைவது ஒரு பகுதிதான். லோகோ வரைவது சில வாரத்து வேலை. அதை டின்னிலும் பாக்கெட்டிலும் லாரியிலும் போன் திரையிலும் பத்து வருஷம் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதற்குத்தான் கம்பெனிகள் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. இன்றைக்குக் கம்ப்யூட்டரே நூறு லோகோ போட்டுத் தருகிறதே என்று கேட்டீர்கள். போட்டுத் தரும். நூறில் எது உங்களுடையது, நாளைக்கு அது எங்கே எப்படி வர வேண்டும் என்று காவல் காக்க ஒரு மனுஷர் வேண்டும்.

இந்த ஆலோசனை வேலைக்கு வரும் முன்னால் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். ஒரு மசாலாக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி அடித்துக் கொடுத்தோம். முதலாளி ஒரு ஃபைல் அனுப்பினார், அவர் தம்பி ஒன்று, விற்பனை மேலாளர் ஒன்று. மூன்றிலும் ‘ஃபைனல்’ என்று பேர். மூன்றிலும் சிவப்பு வேறு வேறு. போனில் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் நாங்கள் அடித்தது அவர்களுடைய பழைய பெட்டியோடு சேரவில்லை, முழு லோடும் திரும்பி வந்தது. அச்சில் தப்பில்லை, ஃபைலிலும் தப்பில்லை. ‘இதுதான் நம் சிவப்பு’ என்று சொல்ல அந்தக் கம்பெனியில் ஒருத்தர் இல்லை. திரும்பி வந்த பெட்டிகள் பல மாதம் குடோனில் கிடந்தன. அதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலையின் அருமை எனக்குப் புரிந்தது.

உங்கள் குங்குமச் சிவப்பு ஏன் செங்கல் நிறமானது என்றும் சொல்கிறேன். போன் திரையில் நிறம் வெளிச்சத்தால் வருகிறது. தாளில் மையால் வருகிறது. டின் தகட்டில் ஒரு விதமாகப் பிடிக்கும், அட்டைப்பெட்டியின் பழுப்புத் தாளில் மை உறிஞ்சி மங்கிவிடும். பாக்கெட் பிளாஸ்டிக்கை கிராவியூர் முறையில், அதாவது படம் வெட்டிய உலோக உருளையால் அடிப்பார்கள், நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். சிலிண்டரில் ஒரு தப்பு விழுந்தால் அதில் அடிக்கிற அத்தனை பாக்கெட்டிலும் அதே தப்புதான். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் பான்டோன் எண் கொடுத்து, ஷேட் கார்டு எனும் நிற மாதிரி அட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்டச் சொல்வார். உங்கள் பாக்கெட்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அனேகமாக வாட்ஸப்பில் வந்த படத்தை வைத்துத்தான் நிறம் பிடித்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் கொடுத்தது அதுதான்.

டிரேட் மார்க் பதிவு இருக்கிறது என்று சொன்னீர்கள். நல்லது. எந்தப் படத்தைப் பதிந்திருக்கிறீர்கள், ஐந்து சுடரா, மூன்றா? இதைப் படித்ததும் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 1999-ஆம் வருஷத்து டிரேட் மார்க் சட்டப்படி பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிந்த மார்க்கை மாற்ற அனுமதி கேட்கலாம், ஆனால் அதன் அடையாளத்தைப் பெரிதாகப் பாதிக்காத மாற்றத்துக்குத்தான் தருவார்கள். பதிந்துவிட்டுத் தொடர்ந்து ஐந்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், நீக்கச் சொல்லி இன்னொருவர் மனுப்போட வழி உண்டு. பதிந்தது ஒன்று, அச்சடிப்பது வேறொன்று என்று போய்க்கொண்டே இருந்தால், நாளைக்கு யாராவது உங்கள் விளக்கைப் போலியாகப் போடும்போது எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ள நாமே இடம் கொடுத்ததாகும். இதை உங்கள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறாமல் இருப்பது என்றால் எதையும் தொடக்கூடாது என்று அர்த்தமில்லை. ஸ்டேட் பேங்க் நம் எல்லோருக்கும் தெரியும். நீல வட்டம், நடுவில் சாவித்துளை. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யைச் சேர்ந்த சேகர் காமத் அதை வரைந்தார், 1971-இல் வங்கி ஏற்றுக்கொண்டது. 2017 ஏப்ரலில் துணை வங்கிகள் எல்லாம் அதோடு இணைந்தபோது பலகையின் தோற்றத்தை மாற்றினார்கள், எழுத்து மாறியது. சாவித்துளை வட்டத்தை விடவில்லை. எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிவதைத்தான் அந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். உங்கள் மில்லில் தொடக்கூடாதது விளக்கு. பில் புத்தகத்தின் கட்டத்தை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதில் தனி இடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் என்பது விதி. பெரிய கம்பெனிகள் ஆங்கில எழுத்தை அவ்வளவு நுணுக்கமாக வடிவமைத்துவிட்டு, தமிழுக்கு வந்ததும் கையில் கிடைத்த ஃபான்டைப் போட்டுவிடுகிறார்கள். ஒரே பேர், ஆங்கிலத்தில் ஒரு முகம், தமிழில் வேறு முகம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழ் எழுத்தின் சுழியையும் அகலத்தையும் புரிந்து, இரண்டையும் அக்கா தங்கை போல நிற்க வைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 2010-இல் இந்திய ரூபாய்க்குக் குறியீடு வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலில்தான் ஆராய்ச்சி செய்தார்.

சரி, எங்கே படிப்பது? பாப்பா இப்போது பிளஸ் ஒன் முடித்திருப்பதால் நேரம் இருக்கிறது. காமர்ஸ் எடுத்ததால் கதவு மூடிவிட்டது என்று யாரோ சொன்னதாகச் சொன்னாள், அது தப்பு. வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வை எந்தப் பிரிவுப் பிள்ளையும் எழுதலாம். வழக்கமாக ஜனவரியில் நடக்கும், அதற்குச் சில மாதம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். என்.ஐ.டி.க்கு டேட் என்று தனித் தேர்வு. சென்னை தரமணியில் ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் நிறுவனம் இருக்கிறது. செலவு குறைவாக வேண்டும் என்றால் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. கலைக் கல்லூரிகளில் விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் படிப்பு இருக்கிறது, ஆனால் சேரும் முன் அங்கே படிக்கும் பிள்ளைகளின் வேலைகளை நேரில் போய்ப் பாருங்கள். சில இடங்களில் சினிமாவுக்கும் கேமராவுக்கும் கொடுக்கும் கவனத்தை வடிவமைப்புக்குக் கொடுப்பதில்லை.

நீங்கள் சொன்ன பி.காம். வழியும் கெட்ட வழி இல்லை. மூன்று வருஷப் பட்டம் முடித்துவிட்டு சீட் எனும் நுழைவுத் தேர்வு எழுதி, அந்தப் பட்டத்தை ஏற்கும் இடங்களில் எம்.டெஸ். எனும் வடிவமைப்பு மேற்படிப்புக்குப் போகலாம். கணக்குத் தெரிந்த வடிவமைப்பாளர் சொல்வதை முதலாளிகள் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் அது அவள் தேர்ந்தெடுத்த வழியாக இருக்க வேண்டும், அவளைத் தடுக்கப் போட்ட வழியாக இருக்கக் கூடாது.

சம்பளத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வருஷம் ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளையோடு ஒப்பிட்டால் மனம் சங்கடப்படும். விளம்பர ஏஜென்சியில் இரவு வேலையும் இருக்கும். பிறகு உணவு, ஜவுளி, மருந்து என்று பொருள் விற்கிற கம்பெனிகளின் உள்ளேயே பிராண்ட் குழுவில் சேர்ந்தால் நிதானமாக உயரலாம்.

இனி உனக்கு ஒரு வார்த்தை, பாப்பா. இந்தக் கோடை விடுமுறையில் லோகோ எதையும் புதிதாக வரையாதே. மில்லின் பேர் எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் சேர். டின், பாக்கெட், லேபிள், சாக்கு, லாரிக் கதவு, திருவிழாவுக்குக் கொடுத்த ஃபிளெக்ஸ், வாட்ஸப் படம். பழைய டின் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் ஒரே அளவில் படம் எடுத்து, அச்சடித்து, ஒரு சுவரில் வரிசையாக ஒட்டு. எங்கெங்கே மாறியிருக்கிறது, எந்த வருஷத்தில், யார் அடித்தது என்று பக்கத்தில் எழுது. அச்சகத்துக்கு அப்பாவோடு நீயும் போ, ஏன் அப்படி வந்தது என்று மரியாதையாகக் கேள். கடைசியில் பத்துப் பக்க நோட்டு ஒன்று போடு. விளக்கு இப்படி, சிவப்பு இந்த எண், தமிழ்ப் பேர் இந்த எழுத்தில், ஆங்கிலத்தில் இத்தனை எழுத்து, விளக்கைச் சுற்றி இவ்வளவு இடம் விட வேண்டும். இரண்டு மாதம் சலிக்காமல் இதைச் செய்ய முடிந்தால் இந்தப் படிப்பு உனக்கானது. பாதியில் அலுத்துப்போனாலும் தப்பில்லை, அப்போது வேறு வழி பேசுவோம்.

அண்ணாச்சி, அடுத்த சிலிண்டர் வெட்டக் கொடுப்பதை மட்டும் ஜூன் வரை நிறுத்தி வையுங்கள். கையில் இருக்கும் பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஓடித் தீரட்டும். ஜூன் முதல் வாரத்தில் அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள். அதற்குள் வீட்டில் உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டு வையுங்கள். உங்கள் அப்பா முதல் டின் அடித்தபோது விளக்கில் எத்தனை சுடர் இருந்தது என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.